புதுச்சேரியின் பழைய கட்டடங்கள்: காத்தவர் யார், காசு கொடுத்தவர் யார்?



இந்த மலருக்கு ஊர் வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, "சிவில் இன்ஜினியர்கிட்ட போய் வரலாறு கேக்கறீங்களே" என்றேன். "ராஜா ராணி கதை வேண்டாம், கட்டடத்தைப் பத்தி எழுது, அது உன் தொழில்தானே" என்றார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆகவே இது போர்களின் வரலாறு அல்ல. சுண்ணாம்பு, செங்கல், தேக்கு உத்திரம், மழைத்தண்ணீர், பணம் ஆகிய ஐந்தின் வரலாறு. ஐந்திலும் மிகக் கடினமானது கடைசியாகச் சொன்னதுதான்.

புதுச்சேரிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் கடற்கரைச் சாலையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, "எவ்வளவு அழகா காப்பாத்தி வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நமக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் காப்பாற்றியது யார்? செலவு செய்தது யார்? காப்பாற்றப்படாமல் போனது எவ்வளவு? இந்த மூன்று கேள்விக்கும் விடை தேடியதில் எனக்குக் கிடைத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஊர் எழுந்த கதை

1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சு வணிகக் குடியேற்றத்தை ஊன்றினார். 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு வருடம்தான் இருந்தார்கள். ஆனால் அந்தக் குறுகிய காலத்தில் அவர்கள் செய்த ஒரு வேலை இன்றும் நம் காலடியில் இருக்கிறது. நூல் பிடித்தாற்போல் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் தெருக்களுக்கு வரைபடம் போட்டார்கள். 1697 ரிஸ்விக் உடன்படிக்கையின்படி 1699இல் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்தது. அவர்களும் அந்த வரைபடத்தையே தொடர்ந்தார்கள். மிஷன் வீதியிலிருந்து ஒரு தெரு தள்ளி வழி கேட்டால், "நேரா போய் லெஃப்ட்ல ரெண்டாவது" என்று ஒரே வரியில் சொல்லிவிட முடிகிறதே, அதற்குக் காரணம் முந்நூறு வருடத்துக்கு முந்தைய அந்த வரைபடம்தான்.

அடுத்த திருப்பம் 1761. சர் அயர் கூட் தலைமையில் ஆங்கிலேயப் படை ஊரை முற்றுகையிட்டு ஜனவரியில் பிடித்தது. பிடித்ததோடு நிற்கவில்லை. கோட்டை, மாளிகை, அலுவலகம் என்று திட்டம் போட்டு இடித்தார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு, 1765இல் ஊர் திரும்பக் கிடைத்தபோது பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் இடிபாடுதான். ஆளுநர் ழான் லா த லொரிஸ்தோன் காலத்தில் மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள். ஆகவே இன்று நாம் "பழைய பாண்டி" என்று சொல்கிற ஊரில் பெரும்பகுதி 1765க்குப் பிறகு எழுந்தது. இடிந்த ஊரைத் திரும்பக் கட்டுவது நமக்குப் புதிதல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். பின்னால் இது தேவைப்படும்.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

பெரிய வாய்க்கால் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடலோரம் பிரெஞ்சுப் பகுதி. மேற்கே தமிழ்ப் பகுதி. இரண்டிலும் வீட்டின் குணமே வேறு.

பிரெஞ்சு வீடு தெருவுக்கு முதுகைக் காட்டும். உயரமான மதில், அலங்கார வாசற்கதவு, உள்ளே தோட்டம், தூண் வரிசை, உயரமான வளைவு ஜன்னல்கள். தெருவில் நிற்பவனுக்கு உள்ளே நடப்பது தெரியாது. தமிழ் வீடு அப்படியல்ல. அது தெருவோடு பேசும். மரத்தூண் வைத்த தாழ்வாரம் தெருப்பக்கம் இறங்கியிருக்கும். அதன் பின்னால் திண்ணை. வழிப்போக்கன் யாரையும் கேட்காமல் உட்காரலாம். உள்ளே போனால் முற்றம், அதைச் சுற்றி வாழ்க்கை. இரண்டும் கலந்த வீடும் உண்டு. கீழே திண்ணையும் முற்றமும் தமிழ் முறை; மாடிக்குப் போனால் வளைவு ஜன்னலும் அலங்காரக் கைப்பிடிச் சுவருமாகப் பிரெஞ்சு முறை. துய்ப்ளேக்ஸின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இந்தக் கலப்புக்குப் பெயர் பெற்றது.

பிள்ளையவர்கள் 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை எல்லோருக்கும் தெரியும். மதராஸ் அரசு அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக அச்சிட்டது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு பொறுமையாகச் செலவு செய்திருக்கிறார்கள்! ஏட்டை ஒருமுறை அச்சேற்றிவிட்டால் பிழைத்துவிடும். வீட்டுக்கு அந்த வசதி கிடையாது. அது ஒவ்வொரு ஐப்பசியிலும் புதிதாகப் பிழைக்க வேண்டும்.

இவை எப்படி நிற்கின்றன, எப்படி விழுகின்றன?

சிவில் படிக்கும் தம்பி தங்கைகள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். நாம் படித்த நான்கு வருடத்தில் கம்பியும் கான்கிரீட்டும்தான் அதிகம். சுண்ணாம்பு வந்த வேகத்தில் போய்விட்டது.

பழைய வீட்டின் சுவர் தடிமனான செங்கல் சுவர். கலவை சுண்ணாம்பும் மணலும். மேலே பூச்சும் சுண்ணாம்பு. நன்றாக அரைத்து, பல கோட்டாகப் பூசி, கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். கூரைதான் விசேஷம். மெட்ராஸ் டெரஸ் என்று நாம் புத்தகத்தில் படித்ததை, கொத்தனார்கள் கட்டைக்குத்துத் தளம் என்பார்கள். தேக்கு உத்திரங்களைச் சுவருக்குச் சுவர் வரிசையாகப் போட்டு, சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் அடுக்கிக்கொண்டே போவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு அடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். அதற்கும் மேலே தட்டோடு. ஒரு கம்பிகூட இல்லை!

இந்த மாதிரிச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன் ஆரோக்கியமே அந்தப் போக்குவரத்தில்தான் இருக்கிறது. இங்கேதான் நம் காலத்து வைத்தியம் வினையாகிறது. பூச்சு உதிர்கிறது என்று மேலே சிமென்ட் பூசுகிறோம். பார்க்கப் புதுசு போல இருக்கும். ஆனால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கும். உப்பு பூக்கும், செங்கல் பொடியும். ஒரு பழைய வீட்டு வேலையின்போது வயதான கொத்தனார் ஒருவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, சிமென்ட் பூசினா சுவருக்கு மூச்சு முட்டும். வெளிய சட்டை புதுசா இருக்கும், உள்ள ஆளுக்கு இளைப்பு." மூன்று பக்கத்தில் புத்தகம் சொல்வதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

கட்டடம் விழுவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் மிகச் சின்னதாகவே இருக்கும். மொட்டை மாடியில் தண்ணீர் போகிற தூம்பு சருகால் அடைத்துக்கொள்ளும். கைப்பிடிச் சுவர் இடுக்கில் காக்கை போட்ட விதையில் ஓர் அரசங்கன்று முளைக்கும். தேங்கிய தண்ணீர் தளத்துக்குள் இறங்கி, உத்திரத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் போய்ச் சேரும். காற்றுப் படாத அந்த நுனி உள்ளுக்குள்ளேயே மக்கும். கீழேயிருந்து பார்த்தால் உத்திரம் கம்பீரமாகத் தெரியும். நடு மரம் நன்றாக இருக்கும், ஆனால் நுனி போயிருக்கும். பிறகு ஒரு கனமழையில் பாரம் ஏறும்போது மொத்தமாக இறங்கிவிடும். மறுநாள் "மழையால் இடிந்தது" என்று செய்தி வரும். உண்மையில் மழை அன்று செய்தது கடைசி வேலையை மட்டும்தான். மற்ற வேலையெல்லாம் பல வருடமாக நடந்துகொண்டிருந்தது.

ஆக, பழைய கட்டடத்தைக் காப்பதற்குத் தேவை பெரிய தொகை அல்ல. வருஷா வருஷம் தவறாமல் வரும் சின்னத் தொகை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பு முயற்சி தொடங்கியது

இந்தியக் கலை, பண்பாட்டு மரபுகளுக்கான தேசிய அறக்கட்டளையான இன்டாக் 1984இல் நாட்டளவில் தொடங்கப்பட்டது. புதுச்சேரியிலும் அதன் வேலை அந்தக் கட்டத்திலேயே ஆரம்பமாகிவிட்டது. முதலில் செய்தது கணக்கெடுப்பு. தெருத் தெருவாகப் போய் எந்த வீடு பழையது, எது முழுதாக இருக்கிறது, எது பாதி போயிருக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். 1990களில் எடுத்த அந்தப் பட்டியலில் 1,800 அளவில் கட்டடங்கள் இருந்தன. பிற்பாடு வந்த கணக்குகளில் அது 1,200 அளவுக்கு இறங்கிவிட்டது. ஏதோ ஓர் எதிரிப் படை வந்து இடிக்கவில்லை. மூன்றில் ஒன்றை நாமே இழந்திருக்கிறோம். அதுவும் பெரும்பாலும் வாய்க்காலுக்கு மேற்கே, தமிழ்ப் பகுதியில்.

ஏன் அப்படி? கிழக்கே பெரிய கட்டடங்கள் பல அரசிடமும், பிரெஞ்சு அரசின் நிறுவனங்களிடமும், அரவிந்தர் ஆசிரமத்திடமும் இருக்கின்றன. ஒரு நிறுவனம் உரிமையாளராக இருந்தால் வருடத்துக்கு ஒரு வெள்ளையடிப்பாவது நடக்கும். மேற்கே நிலைமை வேறு. தாத்தா பெயரில் ஒரு வீடு. வாரிசு ஏழு பேர். இரண்டு பேர் சென்னையில், ஒருவர் பாரிஸில். 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும். தளம் ஒழுகினால் யார் காசு போடுவது? "நான் ஏன் போடணும், வீடு எல்லாருக்கும்தானே?" என்று ஏழு பேரும் சொல்வார்கள். அதே ஏழு பேரும் ஒரு விஷயத்தில் மட்டும் சீக்கிரம் ஒத்துப்போவார்கள்: "இடிச்சிட்டு ஃப்ளாட் கட்டினா ஆளுக்கு ஒண்ணு வரும்." அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நிலத்தின் விலை ஏறும்போது அதன் மேல் நிற்கும் வீட்டின் விலை இறங்குகிறது. கணக்கு அப்படித்தான் வரும். அந்தக் கணக்கை மாற்றாமல் "பாரம்பரியம், பாரம்பரியம்" என்று மேடையில் பேசினால் ஒரு திண்ணைகூட மிஞ்சாது.

வைசியாள் வீதிப் பாடம்

அந்தக் கணக்கை மாற்றிப் பார்த்த ஒரு முயற்சி நம் ஊரிலேயே நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் புதுச்சேரி, இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ் சுர் லோ ஆகிய மூன்று ஊர்களும் சேர்ந்து 2002 முதல் 2004 வரை வேலை செய்தன. உர்பினோ ஓவியர் ரஃபேல் பிறந்த ஊர். பழைய நகரத்தைக் காத்து அதனாலேயே வாழ்கிற ஊர் என்று சொல்லலாம். இங்கே அந்தத் திட்டம் எடுத்துக்கொண்டது ஆளுநர் மாளிகையையோ சர்ச்சையோ அல்ல. தமிழ்ப் பகுதியில் உள்ள வைசியாள் வீதி. கால்வே சுப்பராய செட்டித் தெரு என்பதும் அதுவே.

ஒரு தனி வீட்டை எடுத்துக்கொள்ளாமல், தெருவை ஒரே பொருளாகப் பார்த்து முகப்புகளையும் திண்ணை தாழ்வாரங்களையும் வரிசையாகச் செப்பனிட்டார்கள். எனக்கு இதில் பிடித்தது பணம் கொடுத்த முறை. முழுச் செலவையும் தானமாகக் கொடுக்காமல், வீட்டுக்காரரும் ஒரு பங்கு போட வேண்டும் என்ற இணை மானிய வழியை இன்டாக் இங்கே பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. தன் கைக்காசு போட்டவன் நாளைக்கு அந்த முகப்பில் ஆணி அடிக்க விடமாட்டான். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்து, "நம்ம வீடு மட்டும் ஏன் அழுது வடியுது?" என்று கேட்பார். 2008இல் இந்தத் தெருவுக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நேரு வீதிக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் பார்த்துவிட்டு வரலாம்.

ஆனால் திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு. மழைக்கு முடிவுத் தேதி கிடையாது. 2004இல் வெளிநாட்டுப் பணம் நின்றபோது அடுத்த தெருவுக்கு, அதற்கடுத்த தெருவுக்கு அதே வேகத்தில் போக முடியவில்லை. முன்மாதிரி கிடைத்தது. ஆண்டுதோறும் வரும் பணம் கிடைக்கவில்லை.

மேரி விழுந்த நாள்

இனி சொல்லப்போவது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கடற்கரைச் சாலையில் நகராட்சி மன்றமாக இருந்த மேரி கட்டடம். 1870-71இல் எழுந்தது. பிரெஞ்சு ஆட்சியிலும் அதன் பிறகும் ஊராரின் காரியங்கள் நடந்த இடம். பழுதாகிப்போய் உள்ளே ஆபீஸ் நடத்த முடியாத நிலைக்கு வந்தது. செப்பனிட வேண்டும் என்ற பேச்சு பல வருடம் இருந்தது. பேச்சுக்குப் பஞ்சமில்லை, மழைக்கும் பஞ்சமில்லை. 2014 நவம்பர் 29, சனிக்கிழமை, தொடர் மழையில் அது இடிந்து விழுந்தது.

நான் அப்போது வேலையில் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. செய்தி கேட்டதும் எங்கள் பேட்ச்காரர்கள் போனில் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசியது ஒரே விஷயம்தான்: "நாம இன்ஜினியர்ங்க இவ்வளவு பேர் இந்த ஊர்ல இருந்தும்..." யாரும் வாக்கியத்தை முடிக்கவில்லை.

பிறகு பணம் வந்தது. எங்கிருந்து தெரியுமா? மரபுக் கட்டட நிதியிலிருந்து அல்ல. தமிழ்நாடு, புதுச்சேரிக் கடலோரங்களுக்காக 2013இல் உலக வங்கி கடன் கொடுத்த கடலோரப் பேரிடர் இடர் குறைப்புத் திட்டத்திலிருந்து! 2004 சுனாமியும் 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயலும் அடித்த கரைக்காக வந்த பணம் அது. அதே வடிவத்தில் புதிதாகக் கட்டினார்கள். செலவு ஏறத்தாழ 15 கோடி ரூபாய். 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமர் திறந்துவைத்தார். விழுந்ததிலிருந்து திறப்பு வரை ஆறு வருடம் மூன்று மாதம்.

புதுக் கட்டடம் நன்றாகவே இருக்கிறது. கட்டியவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1761க்குப் பிறகு ஊரையே திரும்பக் கட்டியவர்கள்தானே நாம்! காலியிடமாக விட்டிருந்தால் கடற்கரைச் சாலைக்கு முன்பல் விழுந்த மாதிரி இருந்திருக்கும். ஆனால் நமக்குள் உண்மையைப் பேசிக்கொள்ளலாம். 1871ஆம் ஆண்டின் கொத்தனார் கை பட்ட பூச்சு போய்விட்டது. இப்போது நிற்பது அதன் பிரதி. இடியும்வரை ஆயிரங்களைத் தேடிக்கொண்டிருந்தோம். இடிந்த பிறகு கோடிகள் வந்தன. இது நம் ஊருக்கு மட்டும் உள்ள குறை அல்ல. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. தூம்பில் சருகு எடுத்ததற்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்?

இதற்கு நேர்மாறான உதாரணமும் அதே சாலையில் இருக்கிறது. கடலோரக் கருங்கல் தடுப்பு. பிரெஞ்சுக் காலத்திலிருந்து கல்லைப் போட்டுப் போட்டு வளர்த்த தடுப்பு அது. 2004 டிசம்பர் 26 அன்று மீனவர் குப்பங்கள் பேரிழப்பைச் சந்தித்தபோது, பழைய நகரப் பகுதி பெரிய சேதமின்றித் தப்பியதற்கு இந்தத் தடுப்பும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அழகில்லாத, பெயரில்லாத, தொடர்ந்து செய்த வேலை. பலன் என்னவென்று ஒருநாள் காலையில் தெரிந்தது.

பணத்துக்கு எத்தனை வழி?

இதுவரை நம் ஊரில் பழைய கட்டடத்துக்குப் பணம் வந்த வழிகளைத் தொகுத்துப் பார்த்தால் நான்கு தெரிகிறது.

முதலாவது அரசு. பாரதியார் 1908 முதல் 1918 வரை பத்தாண்டு வாழ்ந்த ஊர் இது. அவர் குடியிருந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீடும், பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடும் அருங்காட்சியகங்களாக நிற்கக் காரணம் அரசு எடுத்துக்கொண்டதுதான். ஆனால் அரசு எல்லா வீட்டையும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் பாரதி குடியிருக்கவும் இல்லை.

இரண்டாவது வெளிநாட்டுப் பணம். வைசியாள் வீதியில் பார்த்தோம். வரும், நல்லது செய்யும், போய்விடும்.

மூன்றாவது ஹோட்டல். 2000ஆம் ஆண்டையொட்டி ரொமேன் ரோலண்ட் தெருவில் ஒரு பழைய மாளிகை நீம்ராணா குழுமத்தின் கையில் ஹோட்டலாக மாறியது. தமிழ்ப் பகுதியில் பெருமாள் கோயில் தெருவிலும் ஒரு முற்றத்து வீடு 'மேசோன் பெருமாள்' என்ற விடுதியானது. வீடு பிழைக்கிறது, கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேலை கிடைக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஊர் முழுக்க விடுதியாகிவிட்டால் திண்ணையில் உட்கார ஊர்க்காரன் இருக்கமாட்டான். சுற்றுலாப் பயணியின் கால் போகாத சந்துக்கு இந்தப் பணமும் போகாது.

நான்காவது வீட்டுக்காரர். எல்லாத் திட்டங்களும் மறந்துபோகிற ஆள் இவர்தான். பென்ஷன் பணத்தில் ஓடு மாற்றும் பெரியவர், பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் தாழ்வாரத்துக்குத் தூண் வாங்கும் அம்மா. உண்மையில் இந்த ஊரின் பழமையை இதுவரை தாங்கியது இவர்கள் கைக்காசு.

இவர்களுக்கு உதவ மற்ற நகரங்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன. மும்பையில் 1995இலேயே மரபுக் கட்டட விதிகள் வந்தன. அதில் கட்டுரிமை மாற்றம் என்று ஒரு ஏற்பாடு. உங்கள் பழைய வீட்டை இடிக்கக் கூடாது, மேலே மாடி ஏற்றக் கூடாது என்று தடை இருக்கிறது. அப்படியானால் சட்டப்படி நீங்கள் கட்டியிருக்கக்கூடிய மாடிகளின் பரப்பை ஓர் உரிமைச் சான்றாகக் கொடுத்துவிடுகிறார்கள். அதை நகரின் வேறு பகுதியில் கட்டுகிறவருக்கு நீங்கள் விற்கலாம். அந்தப் பணத்தில் வீட்டைச் செப்பனிடலாம். 2017இல் உலக மரபு நகரமான அகமதாபாத்திலும் பழைய மர வீடுகளுக்கு இந்த முறை இருக்கிறது. தடை விதிப்பவர்களே ஈடும் கொடுப்பது நியாயம். நம் ஊர் போன்ற சின்ன நகரத்துக்கும் இது அளவு பார்த்துத் தைத்துக்கொள்ள வேண்டிய சட்டை.

நாம் என்ன செய்யலாம்?

சட்டம் வருகிறபோது வரட்டும். நம் சங்கத்தில் கட்டடம் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்கிறோம். கோடி நம்மிடம் இல்லை. ஆனால் இந்த வீடுகளுக்குத் தேவைப்படுவது கோடி அல்ல என்று மேலே பார்த்தோமே! என் யோசனைகள் நான்கு. பொதுக்குழுவில் பேசி முடிவு செய்யுங்கள்.

ஒன்று, அளவு எடுப்பது. ஒவ்வொரு வருடமும் இறுதியாண்டு மாணவர் குழு ஒன்று, வீட்டுக்காரர் சம்மதத்துடன் தமிழ்ப் பகுதியில் ஒரு வீட்டை முழுதாக அளந்து வரையட்டும். தரைப்படம், வெட்டுப்படம், தூணின் அலங்காரம், உத்திரத்தின் இடைவெளி எல்லாம். ஒரு பிரதி வீட்டுக்காரருக்கு, ஒரு பிரதி நம் கல்லூரி நூலகத்துக்கு. அளவும் படமும் இருந்தால்தான் பழுது பார்க்க முடியும். இடிந்தே போனாலும் திரும்பக் கட்ட அதுதான் ஆதாரம். எங்கோ இல்லாத ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸுக்குப் பிராஜெக்ட் செய்வதை விட, தம்பிகளா, இது உங்களுக்கே ருசிக்கும்.

இரண்டு, மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், விரும்புகிற வீட்டுக்காரர்களின் மொட்டை மாடிக்கு நம்மில் நான்கு நான்கு பேராகப் போவோம். தூம்பில் சருகு எடுப்பது, சுவரில் முளைத்த கன்றை வேரோடு நீக்குவது, எந்த உத்திரம் தட்டினால் பொத்தென்று சத்தம் தருகிறது என்று பார்த்துச் சொல்வது. செலவு டீயும் பன்னும்.

மூன்று, இலவச ஆலோசனை. "சிமென்ட் பூசலாமா, தளத்தை எடுத்துட்டு ஆர்.சி. போட்டுடலாமா?" என்று கேட்கிற வீட்டுக்காரருக்கு, காண்ட்ராக்டருக்கு முன்னால் நம்மில் ஒருவர் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். பாதி வீடுகள் பணம் இல்லாமல் கெடுவதில்லை. இருக்கிற பணத்தைத் தப்பாகச் செலவழித்தே கெடுகின்றன.

நான்கு, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களைக் கல்லூரிக்கு அழைத்துவந்து, பட்டறை ஆசிரியராக உட்காரவைத்து, மரியாதையாகச் சம்பளம் கொடுத்துப் பாடம் கேட்பது. அவர்களுக்கும் வயதாகிறது. அவர்கள் கையில் இருப்பது எந்தப் பாடநூலிலும் முழுதாக இல்லை.

நான்காவது யோசனைக்கு மட்டும் கொஞ்சம் பணம் வேண்டும். இந்தச் சந்திப்புக்கு நாம் மேடை அலங்காரத்துக்குச் செய்யும் செலவில் ஒரு பங்கை ஒதுக்கினாலே அதைத் தொடங்கிவிடலாம் என்பது என் தாழ்மையான கருத்து. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்மார் இதைப் படித்துவிட்டு, "எவ்வளவுப்பா வேணும்?" என்று கேட்பீர்கள் என்று தெரியும். பெரிய தொகை ஒரு தடவை வேண்டாம், அண்ணே. சின்னத் தொகை, வருஷா வருஷம் போதும்.

சங்கத்தின் அடுத்த கூட்டம் எப்போது என்று நிர்வாகிகள் அறிவிப்பார்கள். மழை அதற்காகக் காத்திராது. ஐப்பசி பிறப்பதற்குள் குறைந்தது ஒரு மாடியின் தூம்பையாவது சுத்தம் செய்துவிடுவோம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சந்திப்பு நாளன்று பதிவு மேஜையில் எழுதிவிட்டுப் போங்கள். ஏணி நான் கொண்டுவருகிறேன்.